இறங்கியவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை

அடுக்குமாடிக் குடியிருப்பில் செப்டிக் டேங்க் நிரம்பி, தரைத்தளக் கழிவறையில் தண்ணீர் எதிர்த்து வரத் தொடங்கினால் சங்கச் செயலாளர் கூப்பிடுவது கழிவுநீர் லாரிக்காரரை. பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்: எத்தனை லோடு, லோடுக்கு எவ்வளவு. அடியில் உறைந்து கிடக்கும் கசடை என்ன செய்வது என்று இரண்டு பக்கமும் பேசுவதில்லை. லாரி வருகிறது, மேலே நிற்கும் நீரை உறிஞ்சுகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்திருந்தால் அடிக்கசடும் அதோடு வந்திருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் திறக்காமல் விட்ட டேங்கில் அது களிமண் பதத்துக்கு இறுகியிருக்கும், குழாய் இழுக்காது. அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து மறுபடி உறிஞ்ச வேண்டும். அதற்குக் கூடுதல் தண்ணீர், கூடுதல் நேரம், கூடுதல் லோடு. பேசிய தொகையில் அதற்கு இடமில்லை. ஆள் இறங்கி வாரிவிட்டால் முடிந்தது என்ற யோசனை அந்த இடத்தில்தான் பிறக்கிறது. இறங்குகிறவர் பெரும்பாலும் லாரி முதலாளியின் பதிவேட்டில் உள்ள ஊழியரும் அல்ல. அன்றைக்குக் கூட்டிவந்த ஆள்.

சாக்கடை மரணங்களைப் பற்றிப் பேசும்போது சாதி, வறுமை, அலட்சியம் என்று பெரிய சொற்களில் தொடங்குவது வழக்கம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை எங்கே, எந்தக் கையெழுத்தின் வழியாக வேலை செய்கின்றன என்று பார்க்காமல் கோபப்பட்டு என்ன பயன்? சட்டத்தின் வரையறை, மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு, ஒப்பந்தப்புள்ளி, முதல் தகவல் அறிக்கை. இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று தெரியும்: ஒவ்வொரு காகிதமும் பொறுப்பை ஒரு படி கீழே இறக்கிவிடுகிறது. கடைசிப் படியில் நிற்பவருக்குக் காகிதமே கிடையாது.

அதற்கு முன், குழிக்குள் நடப்பது என்ன என்று பார்த்துவிடலாம். மலக்கழிவு காற்றில்லாத இடத்தில் மக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். கொஞ்சமாக இருக்கையில் அழுகிய முட்டை நாற்றம் நம்மை எச்சரிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை, அதாவது 100 பிபிஎம்மைத் தாண்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று உள்ளே இருப்பவர் நினைப்பார். 700, 1000 பிபிஎம் அளவில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். கூப்பிடக்கூட நேரம் இருக்காது. மீத்தேன் நேரடி நச்சு அல்ல. ஆனால் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும்.

பலரும் தவறவிடுவது இதைத்தான்: கசடு கலங்காமல் கிடக்கும்வரை வாயுவில் பெரும்பகுதி அதற்குள்ளேயே அடைபட்டிருக்கும். மூடியைத் திறந்துவைத்துக் காத்திருப்பது, கரப்பான் பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று பார்ப்பது, தீக்குச்சியைக் கொளுத்திப் போடுவது எல்லாம் மேற்பரப்பின் நிலையைத்தான் காட்டும். (தீக்குச்சி, மீத்தேன் இருந்தால் தானே ஒரு விபத்து.) காலை ஊன்றி மண்வெட்டியால் கிளறிய நொடியில் வாயு குமிழியாகக் கிளம்பும். அதனால்தான் வாயு அளக்கும் கருவியை மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்பதோடு, வேலை நடக்கும் நேரம் முழுக்க அது ஆளின் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் காட்டும் கருவி அது. ஆக்சிஜன் சாதாரணக் காற்றில் 20.9 விழுக்காடு இருக்கும், 19.5க்குக் கீழே போனால் கருவி அலற வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடுக்குப் பெரும்பாலும் 10 பிபிஎம்மில் அலற வைத்திருப்பார்கள். இதன் உணரிகளுக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். அவ்வப்போது, அளவு தெரிந்த வாயுவைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். கிடங்கில் கிடந்து உணரி செத்துப்போன கருவி ஹைட்ரஜன் சல்பைடு பூச்சியம் என்று காட்டலாம். பூச்சியத்தைப் பார்த்தவர் ஆளை இறங்கச் சொல்வார்.

முகக்கவசத்தையும் சொல்லியாக வேண்டும். துணிக்கவசமும் என்95 கவசமும் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வடிகட்டிப் புட்டி வைத்த முகமூடி குறிப்பிட்ட வாயுவைக் கொஞ்ச நேரம் உறிஞ்சும், ஆனால் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. வேண்டியது வெளிக்காற்றைக் குழாய் வழியாக முகத்துக்குக் கொண்டுவரும் கருவி, அல்லது முதுகில் சுமக்கும் காற்று உருளை. மேன்ஹோல் வாயின் விட்டம் பெரும்பாலும் 50, 60 சென்டிமீட்டர். உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு அதற்குள் நுழைவது பெரும்பாடு. எனவே குழாய் வழிக் காற்றுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மேலே ஒரு முக்காலி, கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் வின்ச், இறங்குபவரின் உடல் முழுவதையும் பிடிக்கும் வார்ப்பட்டை. இந்தப் பட்டை காப்பது முதலில் இறங்கியவரை மட்டுமல்ல. ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி அவரும் விழுவது, பிறகு மூன்றாவது ஆள் இறங்குவது, இதே வரிசையில்தான் எத்தனையோ சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பட்டையும் வின்ச்சும் இருந்தால் மேலே நின்றபடியே தூக்கிவிடலாம்.

இனி காகிதங்களுக்கு வருவோம். 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது உலர் கழிப்பிடங்களையும் அவற்றைக் கையால் சுத்தம் செய்ய வைப்பதையும் தடைசெய்தது. சாக்கடைக் குழியும் செப்டிக் டேங்கும் அதன் பார்வையில் பெரிதாக இல்லை. கையால் மலம் அள்ள ஆளை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டின் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 7ஆம் பிரிவு, எந்தத் தனிநபரும் உள்ளாட்சி அமைப்பும் நிறுவனமும், நேராகவோ வேறொருவர் மூலமாகவோ, சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ அபாயகரமாகச் சுத்தம்செய்ய ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. வீட்டு உரிமையாளரும் குடியிருப்புச் சங்கமும் இதில் அடக்கம் என்பதைப் பலர் அறிவதில்லை. முதல்முறை மீறினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை ஐந்தாண்டு, 5 லட்சம். பிணையில் விட முடியாத குற்றம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வரையறைப் பிரிவுக்குப் போங்கள். பாதுகாப்புச் சாதனங்களைக் கொடுக்காமல் ஆளை இறக்குவதுதான் 'அபாயகரமான சுத்தம்'. கொடுத்துவிட்டு இறக்கினால்? சட்டத்தின்படி அது வேறு. போதாததற்கு, அரசு அறிவிக்கும் கருவியும் கவசமும் அணிந்து மலக்கழிவை அகற்றுபவரைக் கையால் மலம் அள்ளுபவராகக் கருத வேண்டியதில்லை என்று ஒரு விளக்கமும் இருக்கிறது. சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 44 பாதுகாப்புப் பொருட்களைப் பட்டியலிடுகின்றன. ஒப்பந்தக்காரரின் ரசீதுக் கட்டில் அவற்றில் சில இருந்தால் போதும், வாதாட ஒரு பிடி கிடைத்துவிடும். தடைசெய்ய வந்த சட்டம், நிபந்தனையோடு அனுமதிக்கும் சட்டமாக அங்கேயே மாறிவிடுகிறது. அந்த விளக்கத்தை நீக்கினாலே பாதி வழக்குகளின் போக்கு மாறும் என்பது என் கணிப்பு.

நாடாளுமன்றத்தில் இது எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள். 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தந்த பதிலில், 2020 டிசம்பர் 31 வரையான ஐந்தாண்டுகளில் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்கையில் இறந்தவர்கள் 340 பேர். அதே ஆண்டு ஜூலையில், கையால் மலம் அள்ளும் தொழிலால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று பதில். இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டும் சட்டத்தின் இரண்டு வெவ்வேறு கட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. இறந்தவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

சாதிக் கணக்கும் அரசு தந்ததுதான். 2013, 2018 கணக்கெடுப்புகளில் அடையாளம் காணப்பட்ட கையால் மலம் அள்ளுவோர் 58,098 பேர். சாதி விவரம் இருந்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று 2021 டிசம்பரில் மாநிலங்களவையில் சொன்னார்கள். நூற்றுக்கு தொண்ணூற்றேழு. இந்த வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பதில்லை. மேஸ்திரி எந்தத் தெருவுக்குப் போய் ஆள் கூப்பிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், லாரிக்காரருக்கும் தெரியும், சங்கச் செயலாளருக்கும் தெரியும்.

1993 முதலான இறப்புக் கணக்கில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருக்கிறது. இங்கே குழிகள் அதிகம் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. இறந்தவர்களைத் தேடிப் பட்டியலிட்டு இழப்பீட்டுக்கு மனுப்போட்ட இயக்கத்தினர் இங்கே விடாப்பிடியாக வேலை செய்தார்கள். எண்ண ஆளில்லாத மாநிலத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து அந்த மாநிலம் மெச்சிக்கொள்ளவும் செய்யும்.

அடுத்த காகிதம் மாவட்ட அறிவிப்பு. இந்த மாவட்டத்தில் கையால் மலம் அள்ளும் வழக்கம் இல்லை என்று மாவட்டங்கள் தாங்களாகவே அறிவித்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. கண்காணிப்புக் குழுவின் தலைவரும் அவரே. குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். இப்போது அவர் நிலையில் நின்று யோசித்துப் பாருங்கள். 'இல்லை' என்று எழுதிக் கொடுத்த பிறகு ஒருவரைக் கண்டுபிடிப்பது தன் கையெழுத்தைத் தானே மறுப்பதாகும். கண்டுபிடிக்க வேண்டிய பதவிக்கும் கண்டுபிடிக்காமல் இருப்பதால் நிம்மதி அடையும் பதவிக்கும் ஒரே நாற்காலி. இதில் தனிப்பட்ட ஆட்சியர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கே இடமில்லை, ஏற்பாடு அப்படி.

இயந்திரம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஜெட் ராடிங் லாரி உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பீய்ச்சும். அடைப்புக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் மேன்ஹோலிலிருந்து குழாயை மேல்நோக்கிச் செலுத்த வேண்டும். முனையிலிருந்து பின்னோக்கிப் பீறிடும் நீர் குழாயை முன்னே தள்ளிக்கொண்டே கசடைக் கீழே இழுத்துவரும். அங்கே சூப்பர் சக்கர் உறிஞ்சிக்கொள்ளும். மணல் படிந்த குழிக்கு வாளி போட்டு அள்ளும் தூர்வாரும் இயந்திரம் தனி. குறுகிய சந்துகளுக்காக ஐதராபாத்தில் 2017இலும் டெல்லியில் 2019இலும் சிறிய வண்டிகளில் பொருத்திய ஜெட்டிங் இயந்திரங்கள் வந்தன. மேன்ஹோலைச் சுத்தம் செய்யும், கேரளத்து இளைஞர்களின் பண்டிகூட் ரோபோ 2018 முதல் இருக்கிறது. சென்னை ஐஐடி செப்டிக் டேங்குக்கென்றே ஹோமோசெப் என்ற இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறது.

இயந்திரம் எங்கே தோற்கும் என்பதும் தெரிந்ததுதான். கட்டடக் கழிவு, துணி, நாப்கின், மர வேர், இடிந்து விழுந்த குழாய்த் துண்டு. ஜெட் இவற்றை நகர்த்தாது. அப்போது வேர் வெட்டும் முனையைப் போட வேண்டும், கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும், கடைசியில் சாலையைத் தோண்ட வேண்டும். தோண்டினால் போக்குவரத்துக் காவல்துறை அனுமதி, நெடுஞ்சாலைத் துறைக்குக் கட்டணம், நான்கு நாள் தாமதம், கவுன்சிலரின் தொலைபேசி. ஆள் இறங்கினால் அரைமணி நேரம். கணக்கில் மலிவாகத் தெரிவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த மலிவு ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மீட்டர் குழாய்க்கு இவ்வளவு, ஒரு மேன்ஹோலுக்கு இவ்வளவு என்று விலை கேட்பார்கள். குறைவாகச் சொன்னவருக்கு வேலை. இயந்திரம் ஓடிய நேரத்துக்குத் தனிக் காசு இல்லாவிட்டால், அதை ஓட்டாமல் விடுவதுதான் லாபம். தொழிலாளர் பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பும் ஒப்பந்தக்காரருடையது என்ற ஒற்றை வரி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அந்த வரி எழுதப்பட்டது தொழிலாளியைக் காப்பாற்ற அல்ல, எழுதிய அலுவலகத்தைக் காப்பாற்ற. ஒப்பந்தக்காரர் வாய்மொழியாக மேஸ்திரியிடம் விடுவார், மேஸ்திரி ஆளைக் கூப்பிடுவார். அரசே நடத்திய சமூகத் தணிக்கை ஒன்று 2022, 2023இல் நடந்த 54 இறப்புகளை ஆராய்ந்தது. 49 பேர் எந்தப் பாதுகாப்புச் சாதனமும் அணிந்திருக்கவில்லை.

இதை மாற்றுவது ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றுமில்லை. பாதுகாப்புக்கான தொகையைப் போட்டிக்கு வெளியே எடுத்து, யார் எடுத்தாலும் மாறாத தனி வரியாக வைக்கலாம். அப்போது அதைக் குறைத்துக் காட்டி யாரும் வேலை பிடிக்க முடியாது. இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்து, ஓடிய நேரத்தை வண்டியின் ஜிபிஎஸ் பதிவோடு ஒப்பிட்டுப் பட்டியலை அனுமதிக்கலாம். தோண்ட வேண்டிய அடைப்புக்கென்று ஒரு தொகையை முன்னரே ஒதுக்கி, சாலை வெட்ட நிரந்தர முன்னனுமதியும் வாங்கிவைக்கலாம்.

விதிகளில் குடிமக்கள் பிடித்துக்கொள்ளத் தக்க ஒரு முனை இருக்கிறது. இயந்திரத்தால் முடியாத சில சூழல்களில் மட்டும் ஆளை இறக்கலாம்: 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பழைய குழாயோடு புதிய குழாயை இணைப்பது, கழிவுநீரை உறிஞ்சும் கிணற்றின் அடியில் உள்ள நீர்மூழ்கி மோட்டாரை எடுப்பது போன்றவை. இவற்றுக்கு அப்பால் வேறு எந்தக் காரணத்துக்காக இறக்கினாலும் உள்ளாட்சி அமைப்பின் தலைமை நிர்வாகி எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும், காரணத்தைப் பதிய வேண்டும். அப்படிக் கடந்த மூன்றாண்டில் தந்த அனுமதிகளின் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப்போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அனுமதி எதுவும் தரவில்லை என்று பதில் வந்தால், அந்த ஊரில் சாக்கடையில் இறங்கியவர்களில் பலர் சட்டவிரோதமாக இறக்கப்பட்டார்கள் என்பதற்கு அதுவே நகராட்சியின் சொந்தச் சாட்சி.

இறப்புக்குப் பிறகு முதல் 24 மணி நேரம்தான் முக்கியம். காவல் நிலையத்தில் சந்தேக மரணம் என்றோ, கவனக்குறைவால் மரணம் என்றோ எழுதிவிட்டால் வழக்கு அங்கேயே இளைத்துவிடும். 2013 சட்டத்தின் 7, 9 பிரிவுகளும், இறந்தவர் பட்டியல் சாதியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவும் முதல் தகவல் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். கையால் மலம் அள்ள வைப்பதைக் குற்றமாக்கும் அந்த உட்பிரிவு 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற இடத்தில் மேஸ்திரி பெயரோடு நிற்காமல் ஒப்பந்தக்காரர், வேலையைக் கொடுத்த அலுவலர் அல்லது வீட்டு உரிமையாளர் வரை எழுதக் கேட்க வேண்டும். பிரேதப் பரிசோதனையில் ரத்தமும் சிறுநீரும் எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு உடம்புக்குள் போய் மாறும் பொருளான தயோசல்ஃபேட் அவற்றில் இருக்கிறதா என்று பார்த்தால் அந்த வாயு தாக்கியது தெரியும்; எடுக்காவிட்டால் 'மூச்சுத்திணறல்' என்று அறிக்கை வரும், குடித்துவிட்டு விழுந்தார் என்று எதிர்த்தரப்பு சொல்லும். இதையெல்லாம் கேட்க வேண்டிய குடும்பம் பிணவறை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் யாரோ ஒருவர் வந்து, ஒரு தொகை வாங்கித் தருகிறேன், வழக்கு வேண்டாம் என்று பேசுகிறார். 2013 சட்டத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது: குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் வராவிட்டால் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க முடியாது. பதினாறாம் நாள் காரியம், வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் என்று அலைவதற்குள் அந்த மூன்று மாதம் ஓடிவிடும்.

இழப்பீடு இப்போது குறைவில்லை. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபர் 20 அன்று அதை 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். அதே தீர்ப்பு, ஒப்பந்த வேலையில் சாவு நடந்தால் ஒப்பந்தத்தை உடனே ரத்துசெய்து பணப்பொறுப்பையும் சுமத்த வேண்டும் என்றது. பணம் கொடுப்பது நடக்கிறது, தாமதமாகவேனும். ஒப்பந்தக்காரரிடமிருந்து அதை வசூலிப்பது, அவரைத் திரும்ப வரவிடாமல் தடுப்பது என்ற பாதி தானாக நடக்காது. அதற்கு அலுவலக நடைமுறை வேண்டும். ஒப்பந்தப்புள்ளிப் படிவம் ஜிஎஸ்டி எண், ஆண்டு விற்றுமுதல், முன் அனுபவச் சான்று என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறது. உங்கள் வேலைத்தளங்களில் இதுவரை இறந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பத்துக்குத் தொகை யார் கொடுத்தது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் அதில் சேர்த்து, பொய் சொன்னால் வைப்புத்தொகை பறிமுதல் என்று எழுதலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், அந்த அலுவலகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.